ஐந்து சென்றிகளின் வேலைச்சார்பு

மே 6, திங்கள்

கச்சான் காற்றுத் தொடங்கிவிட்டது. காலை எட்டு மணிக்கே கரும்பலகை சுடுகிறது. குடையில் ஒரு கம்பி முறிவு. வாங்க வேண்டியவை: சவர்க்காரம், மண்ணெண்ணெய் (கிடைத்தால்), சோக்கு (கிடைக்காது).

உயர்தரம் (உ.த.) இரண்டாம் வருடம், பௌதிகம், முப்பத்தொரு பேர். நவீன பௌதிகம் இன்று ஆரம்பம். ஓகஸ்டில் பரீட்சை. ஒளிமின் விளைவை மாணவருக்குச் செய்துகாட்ட வேண்டும் என்கிறது பாடத்திட்டம். அதற்கான கலம் கொழும்பிலிருந்து மூன்று வருடமாக வந்துகொண்டிருக்கிறது. மின்கலம், வயர், மணிக்கூடு முதலியவற்றை, குண்டு செய்ய உதவும் என்பதால், பட்டியலிட்டுப் பொலிசில் ஒப்படைத்தாகிவிட்டது. எனவே ஆய்வுகூடத்தில் இருப்பு:

தராசு 1 (தட்டும் 1).
காந்தம் 2 (ஒன்று வெறும் இரும்பு).
கண்ணாடி முகவைகள், அகதிகள் தங்கியிருந்தபோது தேநீர் குடித்தவை.
விஞ்ஞானி ஒருவரின் படம், சுவரில். சோதனைக்கு வந்த சிப்பாய் ஒருவன் தலைமயிரையும் மீசையையும் பார்த்துவிட்டு இவர் எந்த இயக்கம் என்று கேட்டான். இறந்துவிட்டார் என்றேன். திருப்தியோடு போனான்.

எனவே வாயால் செய்துகாட்டினேன். உலோகத்தின் மேல் ஒளி விழுந்தால் இலத்திரன் வெளியே வரும். ஊதா ஒளி கொஞ்சம் பட்டாலும் வரும். சிவப்பு ஒளியை நாள் முழுக்கப் பாய்ச்சினாலும் வராது. முப்பது பேர் எழுதிக்கொண்டார்கள். முன்வாங்கில் இருக்கும் வதனி மட்டும் எழுதாமல் கேட்டாள்: "சிவப்பைக் கூட்டிக்கொண்டே போனாலும் ஏலாதோ சேர்? அவ்வளவு வெளிச்சமும் எங்கை போகுது?"

நல்ல கேள்வி. நாளைக்குச் சொல்கிறேன் என்றேன். விடை தெரியாத ஆசிரியர் தப்பியோடும் ஒளிவேகம் அது.

மே 7, செவ்வாய்

விடை கிடைத்தது. லிங்கநகர்ச் சென்றியில், காலை 7.05, இராணுவச் சோதனை வரிசையில் நின்றபோது. எனக்கு முன்னால் நாற்பது பேர். கையில் கிராம சேவகர் கடிதம், பிறப்புச் சாட்சிப் பத்திரம், செத்த புருசனின் அடையாள அட்டை. ஒருவரும் நகரவில்லை. துறைமுகத்தில் வேலை செய்யும் ஒருவர் சைக்கிளில் வந்தார், இராணுவம் கொடுத்த பாஸை நீட்டினார், இறங்காமலே போனார்.

வகுப்பில் சொன்னது இதுதான். நீங்கள் இலத்திரன். சென்றி உலோகத்தின் மேற்பரப்பு. கையில் உள்ள கடதாசி ஒளியின் சக்தி. ஒவ்வொரு சென்றிக்கும் வெளியே விட ஒரு குறைந்தபட்சக் கூலி உண்டு. அதற்குப் பெயர் வேலைச்சார்பு. கடதாசி அதைவிடப் பலவீனமென்றால், நூறு பேர் நூறு கடதாசி கொண்டுவந்தாலும் ஒருவரும் போக முடியாது. ஒன்றோடொன்று கூட்டிக் கணக்குப் பார்க்க மாட்டார்கள். பலமான ஒரு கடதாசி ஒருவரை அனுப்பும். கூலி போக மிச்சம் இருந்தால் அதுதான் உங்கள் வேகம்: பாஸ் உள்ளவர் சைக்கிளில் மிதித்துப் போவார், பாடசாலைக் கடிதம் உள்ளவர் உருட்டிக்கொண்டு போவார்.

சிரித்தார்கள். என் வகுப்பில் சிரிப்பு, நான்கு வருடத்தில் முதல் தடவை. பின்வாங்கில் ரமேஷ், "அப்ப கிராம சேவகற்றை கடிதம் சிவப்பு வெளிச்சம்" என்றான். அவனுக்கே விளங்கிவிட்டது என்றால் பாடம் முடிந்தது.

கலம் இல்லாத குறைக்கு வீட்டுவேலை. புதன் முதல் வெள்ளி வரை ஒவ்வொருவரும் தாம் கடக்கும் சென்றியில் அரை மணி நேரம் வாசிப்பு எடுக்க வேண்டும். வந்தவர் எத்தனை, கடந்தவர் எத்தனை, எந்தக் கடதாசியோடு. வெள்ளி பின்னேரம் விசேட வகுப்பில் எல்லாவற்றையும் சேர்த்து அட்டவணை.

இருபத்தாறு வருடத்தில் நான் கொடுத்த சிறந்த பாடம் இதுவாக இருக்கலாம். வேறு யாரும் சொல்லப்போவதில்லை, எழுதிவைக்கிறேன்.

மே 10, வெள்ளி

காற்று. பல்லிடுக்கில் மணல். மனைவி சரோவுக்குக் கச்சேரி அலுவலகத்தில் அரை நாள் லீவு, சூடை மீன் வாங்கினாள்.

அட்டவணை தயார், எல்லோரும் தம் கொப்பியில் பிரதி எடுத்தார்கள். ஐந்து சென்றி, ஐந்து உலோகம்.

சாம்பல்தீவு: 43 பேர் வந்து 41 பேர் கடந்தனர். சோடியம். பல் மிதந்த வயதான சார்ஜன் ஒருவர் நிற்கிறாராம். பிள்ளைகளின் கொப்பியைத் தலைகீழாகப் பிடித்துப் பார்த்து, "ஹரி, யன்ன" (சரி, போ) என்று விட்டுவிடுவாராம்.
உப்புவெளி: நடுத்தரம்.
லிங்கநகர்: நடுத்தரத்துக்குச் சற்று மேல். என் அனுபவமும் அதுவே.
கப்பல்துறை: கடினம்.
துறைமுக வாசல்: பிளாட்டினம். 28 பேரில் 3.

ரமேஷ் புதன்கிழமை காலை கப்பல்துறையில் பத்தொன்பது பேர் கடந்ததாக எழுதியிருந்தான். புதன்கிழமை அந்தப் பாதையே பூட்டு. எழுப்பி நிற்கவைத்துச் சொன்னேன்: கண்டதை எழுது, காணாததை எழுதாதே, விஞ்ஞானம் என்றால் அவ்வளவுதான். விசாரித்ததில் பதினேழு பேர் வீட்டிலிருந்தே வாசிப்பு எடுத்திருக்கிறார்கள். மிச்சப்பேர் பாதி உண்மை.

வதனி மட்டும் முழுவதும். சாம்பல்தீவுப் பிள்ளை, தினம் இரண்டு சென்றி கடந்து வருகிறாள், இரண்டிலும் எடுத்திருக்கிறாள். கோடு போட்ட அட்டவணை, வரைபு, அலகு. கடைசியில் 'வழுக்கள்' என்று தலைப்பிட்டு, நான் கேட்காத ஒன்று: "சாம்பல்தீவில் காலை 7.10க்குக் காவலர் மாறுகின்றனர். புதியவர் ஆறு பேர். மாறும் ஐந்து நிமிடத்தில் எவரும் சோதிக்கப்படுவதில்லை. ஆகவே அந்நேர வாசிப்புகள் தவிர்க்கப்பட்டன."

வழுவைத் தேடிப்பிடித்து எழுதும் மாணவியை நான் இதற்குமுன் கண்டதில்லை. பத்துக்குப் பத்து. சிவப்புப் பேனை தீர்ந்துவிட்டது. புள்ளியை வாயால் சொன்னேன்.

மே 13, திங்கள்

வதனி வரவில்லை. அவளுடைய தாய் வந்தார்.

கருவாடு விற்கிறவர். பாடசாலை வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்தார். வெள்ளி பின்னேரம் மகள் வீட்டுக்கு வரவில்லை. உப்புவெளிச் சென்றியில் கொப்பியைத் திறந்து பார்த்திருக்கிறார்கள். தமிழ் வாசிக்கத் தெரிந்த சிப்பாய் ஒருவன் நின்றிருக்கிறான். சிங்களத்தில் இரண்டு பேர் கதைத்தார்கள், பிறகு ஜீப் வந்தது, சைக்கிளை மட்டும் விட்டுவிட்டுப் போனார்கள். சைக்கிளை இவர் எடுத்துவிட்டார். மகளைக் கேட்க முகாமுக்கு மூன்று நாள் போயிருக்கிறார்.

"கொப்பியிலை என்ன சேர் எழுதிக் குடுத்தனீங்கள்?"

பௌதிகம் என்றேன்.

"அது பிழையான பாடமோ?"

இல்லை, சரியான பாடம் என்றேன். தலையாட்டினார். சரியான பாடம் என்றால் விடுவார்கள் என்று நினைத்திருக்க வேண்டும். பார்த்துச் செய்கிறேன் என்று சொன்னேன். பார்த்தேன். மூன்றாம் பாடவேளையும் நான்காம் பாடவேளையும் யன்னலுக்கு வெளியே பார்த்தேன்.

பொய் வாசிப்பு எழுதின பதினேழு பேரும் இன்று சமுகமளித்திருந்தார்கள். ஒருவருக்கும் தடிமன்கூட இல்லை.

மே 14, செவ்வாய்

அதிபர் அறைக்கு அழைத்தார். கதவைச் சாத்தினார். விசிறியைக் கூட்டினார், வெளியே கேட்காமல் இருக்க.

"மாஸ்டர், அந்தக் கொப்பியிலை உங்கட கையெழுத்துக் கிடக்கோ?"

இல்லை, பேனை தீர்ந்துவிட்டது என்றேன்.

"கோணேசர் இருக்கிறார்" என்றார், கோயில் இருக்கும் திசையைப் பார்த்துக் கும்பிட்டு. பாடசாலை இலச்சினை அந்தக் கொப்பியில் இருக்கிறதா என்பது அடுத்த கேள்வி. இல்லை. மகிழ்ச்சியில் எனக்குத் தேநீர் வந்தது. எட்டு வருடத்தில் அவர் தந்த முதல் தேநீர், சீனியோடு.

பிறகு மிக மரியாதையாக, மீதி முப்பது கொப்பியையும் பற்றிக் கேட்டார். திருத்துவதற்கென்று எடுக்கலாமே என்றார். எடுத்தபின் என்ன செய்வது என்று சொல்லவில்லை. நல்ல நிர்வாகி முழு வசனம் பேசமாட்டார்.

எடுத்தேன். ரமேஷ் தரத் தயங்கினான். "என்ரை கொப்பியை எரிக்கத் தேவையில்லை சேர், அதிலை ஒரு உண்மையும் இல்லை." எரிப்பேன் என்று நான் சொல்லவே இல்லை.

வீட்டில், மதியம் தாண்டி. சரோ கச்சேரியால் வர முன் குசினி அடுப்பில். கொப்பி எரிவதற்கு நேரம் எடுக்கிறது, மட்டை புகைகிறது, ஒவ்வொரு ஒற்றையாகப் பிரித்துப் போட வேண்டும். ஆகையால் வாசிக்க வேண்டியும் வருகிறது. பலர் நன்றாகவே விளங்கியிருக்கிறார்கள். அடுப்பு சும்மா எரிகிறதே என்று உலை வைத்தேன். முப்பது ஒளிமின் விளைவில் ஒரு சுண்டு அரிசி வேகும். பரிசோதனை முடிவு, வழு சிறிது.

சரோ வந்து சோற்றைப் பார்த்தாள். சாம்பலைப் பார்த்தாள். சாப்பிடவில்லை.

மே 16, வியாழன்

வதனியின் தாய் காலை ஏழரைக்கு வந்து பாடசாலை மதிலோரம் குந்துகிறார், ஒன்றரைக்கு எழும்பிப் போகிறார். எங்கள் நேரசூசியைச் சரியாகப் பின்பற்றும் ஒரே ஆள். யாரையும் ஏசுவதில்லை. என்னைக் கண்டால் எழும்பி நிற்கிறார். அதற்காக நான் பின்வாசலால் போகிறேன்.

முகாமுக்குப் போகாமல் இருப்பதற்கான காரணங்கள், முக்கியத்துவ ஒழுங்கில் அல்ல:

1. போனால் ஒருவருக்குப் பதிலாக இருவர் உள்ளே. கணித ரீதியாக நட்டம்.
2. கொப்பி அவளுடைய கையெழுத்து. நான் சொன்னேன் என்பதற்கு எந்த ஆதாரமும் இல்லை. (ஆதாரம் எங்கே போனது என்பது வேறு விடயம்.)
3. முகாமுக்குள் போகிறவனை இயக்கத்துப் பெடியள் பார்த்துக்கொண்டிருப்பார்கள். ஏன் போனான் என்று விளக்கம் கேட்டுவிட்டுச் சுடுகிற வழக்கம் அவர்களிடம் இல்லை.
4. உ.த. வகுப்புக்கு இந்த வலயத்தில் நான் ஒருவன்தான் பௌதிக ஆசிரியர். முப்பது பிள்ளைகளின் எதிர்காலம்.
5. இரத்த அழுத்தம்.

நான்காவது மிக அழகானது. சரோவிடம் அதைத்தான் சொன்னேன். அவள் தேங்காய் துருவிக்கொண்டிருந்தாள், நிறுத்தவில்லை.

"அவள் உங்கட பேரைச் சொல்லியிருந்தா வெள்ளிக்கிழமையே ஜீப் இஞ்சை வந்திருக்கும்."

பிறகு துருவலையைத் தட்டிவிட்டுச் சொன்னாள்: "ஆறு நாளாய் வரேல்லை. அவளுக்கு என்ன நடந்துகொண்டிருக்கு எண்டு உங்களுக்குத்தான் கணக்குத் தெரியுமே."

ஆறு நாளும் ஜீப் வராததை நான் என் அதிர்ஷ்டம் என்று நினைத்திருந்தேன்.

மே 17, வெள்ளி

போனேன். வெள்ளைச் சேட், கறுத்தக் காற்சட்டை, பல்கலைக்கழகச் சான்றிதழின் பிரதி. இதற்கெல்லாம் சான்றிதழ் எதற்கு என்று தெரியவில்லை. கையில் கடதாசி இல்லாமல் போக நாங்கள் பழகவில்லை.

மூன்று மணி நேரம் வாங்கில். பிறகு கப்டன். முப்பது வயது, பொறியியல் இரண்டு வருடம் படித்துவிட்டுப் படையில் சேர்ந்தவர். நல்ல ஆங்கிலம், சுத்தமான நகம். கதிரை தந்தார். வதனியின் கொப்பி மேசையில். நான் முழுவதையும் சொன்னேன்: இலத்திரன், கடதாசி, உலோகம், வீட்டுவேலை. பொறுமையாகக் கேட்டார். எல்லாம் விளங்கியது அவருக்கு. என் வாழ்நாளில் இவ்வளவு கவனமான மாணவன் கிடைத்ததில்லை.

பிறகு கேட்டார்: முப்பத்தொரு மாணவர் செய்த வீட்டுவேலை என்றால் மீதி முப்பது கொப்பி எங்கே?

எரித்துவிட்டேன் என்றேன்.

ஏன்?

பயத்தில்.

எழுதிக்கொண்டார். பயத்தில் பொய் சொல்பவர்களை நிறையக் கண்டிருக்கிறேன், பயத்தில் ஆதாரத்தை அழித்துவிட்டு உண்மை சொல்ல வருபவரை இப்போதுதான் காண்கிறேன் என்றார். இன்னொரு சிக்கலும் உண்டு என்றார். இந்தப் பெண் ஒரு கிழமையாக ஒரே கதைதான் சொல்கிறாள். ஆசிரியர் யாரும் சொல்லித் தரவில்லை, தானே யோசித்து எழுதினதாம். அப்படியானால் இரண்டு பேரில் ஒருவர் பொய்.

அவளைக் கொண்டுவந்தார்கள். சீருடை இல்லை. யாருடையதோ ஒரு பெரிய சேட், பாவாடை. வலது காலில் பாரம் கொடுக்காமல் நின்றாள். ஏன் என்று நான் கேட்கவில்லை. கேட்காமலே தெரிந்த ஒன்றைக் கேட்பது அங்கே மரியாதை இல்லை.

தமிழ் தெரிந்த கோப்ரல் ஒருவன் நின்றான். இவரைத் தெரியுமா என்று கேட்டான். வதனி என் முகத்துக்குச் சற்று மேலே, சுவரைப் பார்த்துச் சொன்னாள்.

"தெரியாது. ரோட்டிலை கண்டிருப்பன்."

கோப்ரல் மொழிபெயர்த்தான். கப்டன் என்னைப் பார்த்தார். அந்த நிமிடத்தில் எழும்பி வீட்டுக்குப் போயிருக்கலாம். அவள் வாசலைத் திறந்து வைத்திருந்தாள். அதையும் யோசித்தேன் என்பதை இங்கே பதிகிறேன்.

பாடம் என்றால் ஏதாவது கேளுங்கள் பார்ப்போம் என்றார் கப்டன். சரியான கேள்வி கேட்டால் தெரியாது என்று சொல்லிவிடுவாள், அவ்வளவு பிடிவாதம். எனவே பிழையாகக் கேட்டேன். இல்லை, கேட்கவும் இல்லை, கப்டனுக்கு விளக்குவதுபோல் தமிழில் சத்தமாகச் சொன்னேன்: ஒளியின் செறிவைக் கூட்டினால் ஒவ்வொரு இலத்திரனும் கூடிய வேகத்தோடு வெளியே வரும்.

அவளுடைய வாய் இறுகியது. கோப்ரல் 'செறிவு' என்ற சொல்லில் தடக்குப்பட்டு நின்றான். மேசை விசிறி இந்தப் பக்கம் திரும்பி அந்தப் பக்கம் போனது. நான் இன்னொரு தடவை சொன்னேன், இன்னும் பிழையாக.

"இல்லை சேர். எண்ணிக்கைதான் கூடும். வேகம் கூடாது."

கப்டன் சிரித்தார். 'சேர்' என்பதை மொழிபெயர்க்கத் தேவை இருக்கவில்லை. மிச்சத்தைக் கோப்ரல் மொழிபெயர்த்தான், சொல்லப்பட்டது சரி என்பதும் அவருக்குத் தெரியும், அவரும் படித்தவர்தானே. வதனி முதல் தடவையாக என்னை நேரே பார்த்தாள். ஒரு கிழமை அடிக்கும் உதைக்கும் காப்பாற்றி வைத்திருந்த ஒன்றை இரண்டு வசனத்தில் வாங்கிவிட்டேன். நல்ல ஆசிரியன் மாணவியின் பலவீனத்தை அறிவான்.

நாளை விடுவதாகச் சொன்னார். கையெழுத்து வாங்கினார். கொப்பியைத் திருப்பித் தரவில்லை. தன் கீழ் உள்ளவர்கள் கிழமைக்கு ஒரு அறிக்கை அனுப்புகிறார்களாம், அதில் எல்லாச் சென்றியும் ஒரே கண்டிப்பு, எல்லாம் திறம். உண்மையான அறிக்கை என்று கையில் கிடைத்தது இது ஒன்றுதானாம். அட்டவணையில் விரலை வைத்து மேலிருந்து கீழே வாசித்தார். சாம்பல்தீவில் விரல் நின்றது. 43இல் 41 என்று ஆங்கிலத்தில் மெதுவாகச் சொன்னார்.

கைகுலுக்கி அனுப்பினார்.

மே 18, சனி

வதனி வீட்டுக்குப் போய்விட்டாள். தாய் போய்க் கூட்டிவந்தாராம், பாண்காரர் சொன்னார். நான் போகவில்லை.

சரோ இன்று என் தட்டில் சோறு போட்டாள். இதற்கு மேல் பாராட்டு எதிர்பார்ப்பது பேராசை.

அதிபர் வீட்டுக்கே வந்து, தான் அன்றே போகச் சொல்ல நினைத்ததாகச் சொன்னார். நினைத்திருப்பார். முழு வசனம் பேசாதவர்.

குடைக்குக் கம்பி போட்டாயிற்று.

மே 20, திங்கள்

வகுப்பில் இருபத்தாறு பேர். வடக்குப் பக்கப் பிள்ளைகள் ஐந்து பேரும் இல்லை.

சாம்பல்தீவுச் சார்ஜனை நேற்றுக் காலையே மாற்றிவிட்டார்கள். முன்னரங்குக்கு அனுப்பிவிட்டதாகக் கதை. போகும்போது அழுதவராம், பிள்ளைகள் கொடுத்த மாங்காய்களையும் கட்டி எடுத்துக்கொண்டு போனவராம். இப்போது நிற்பவர்கள் புதியவர்கள், இளம் பெடியன்கள், கொப்பியை நேராகப் பிடிக்கத் தெரிந்தவர்கள். காவலர் மாறும் நேரமும் 7.10 இல்லை, நாளுக்கொன்று, மாறும்போது வீதியே பூட்டு. மீன்காரரின் ஐஸ் பெட்டி வெயிலில் இரண்டு மணி நேரம். ஊர் முழுக்க என்ன நடந்தது என்று தெரியாமல் ஏசுகிறது. எனக்குத் தெரியும், நான் சேர்ந்து ஏசினேன்.

இன்னொரு கட்டளையும் வந்திருக்கிறது. கணித, விஞ்ஞானப் பிரிவுப் பிள்ளைகள் யாராவது கடந்தால் முதலில் முகாமுக்குக் கொண்டுபோய்க் காட்ட வேண்டும். கலைப்பிரிவுக்குத் தடையில்லை. இந்து நாகரிகம் படிக்கிற பெண்கள் இருவர் காலையில் சைக்கிளில் மிதித்தே வந்தார்களாம். வதனியைத் திருப்பி அனுப்பியிருக்கிறார்கள். கையில் பாடசாலைக் கடிதம், அதில் தெளிவாக எழுதியிருக்கிறது: பௌதிகம், இரசாயனம், தூய கணிதம். நான்தான் எழுதிக்கொடுத்தேன், போன வருடம், பெரிய எழுத்தில்.

இன்றைய பாடம் அணுக்கரு. சாதாரணமாக நடத்தினேன். எதற்கும் உதாரணம் சொல்லவில்லை. ஒருவரும் கேள்வி கேட்கவில்லை. அமைதியான வகுப்பு, கல்விப் பணிப்பாளர் பார்த்தால் மெச்சுவார்.

மே 22, புதன்

காற்று இல்லை, புழுக்கம். நானும் சரோவும் லீவு. பத்து மணிக்குத் தாயும் மகளும் எங்கள் லிங்கநகர் வீட்டுக்கு வந்தார்கள். காலுக்குக் கிளினிக் காட்ட என்று விட்டிருக்கிறார்கள். பெரிய ஆஸ்பத்திரித் துண்டு, மூன்று மணிக்குள் திரும்ப வேண்டும்.

வதனி கதிரையில் இருந்து காலை நீட்டினாள். பந்தனத் துணி சுற்றியிருந்தது. சரோ தேநீர் கொடுத்தாள், குடித்தாள். தாய் கருவாட்டுப் பொதி ஒன்றை மேசையில் வைத்தார். பிள்ளையை மீட்டுத் தந்ததற்கு. நான் தொடவில்லை, சரோ எடுத்துக் குசினிக்குள் கொண்டுபோனாள்.

"பிள்ளையைக் கலைக்கு மாத்தி ஒரு கடிதம் தாங்கோ சேர். அடுத்த வருசம் எடுக்கட்டும். நான் ரெண்டு வருசம் கூடக் கருவாடு விப்பன், அது பிரச்சினை இல்லை. அவள் பள்ளிக்குடம் போகாட்டில் செத்துப்போவாள்."

கலையில் என்ன பாடம் என்று கேட்டேன். இந்து நாகரிகம், தமிழ், மற்றது என்று யோசித்தார். புவியியல் உண்டு, வதனிக்கு அது லேசு என்றேன்.

"ஐயோ படம் கீறுற பாடம் வேண்டாம்."

உண்மைதான். புவியியல் கொப்பியில் துறைமுகமே இருக்கும். சங்கீதம் என்று முடிவாயிற்று. வதனிக்குச் சங்கீதம் வராது. வராத பாடம்தான் பாதுகாப்பு என்றார் தாய். இவரைக் கல்வி அமைச்சில் வைத்திருக்கலாம்.

அதிபரின் முத்திரை குத்திய வெற்றுக் கடதாசி அலுமாரியில் உண்டு, திங்கட்கிழமையே நான்கு தந்துவிட்டார், கேளாமலே. வெறுமனே பிரிவு மாறினாள் என்று எழுதினால் போதாதாம். முன்பு விஞ்ஞானம் படித்தவள் என்று முகாமில் பதிவு இருக்கிறது. ஏன் விட்டாள் என்பதற்குக் காரணம் வேண்டும், அதைப் பாட ஆசிரியர் தர வேண்டும். சென்றியில் அப்படித்தான் சொன்னார்களாம். முதலில் சுகவீனம் என்று எழுதினேன். சுகவீனம் எப்படி வந்தது என்று கேட்பார்கள் என்றாள் வதனி. வந்ததிலிருந்து அவள் சொன்ன முதல் வசனம். கிழித்தேன்.

இரண்டாவது:

"மேற்படி மாணவி பௌதிகவியலில் விளக்கமோ நாட்டமோ அற்றவர். அவதானிக்கும் திறன் குறைவு. இப்பாடத்தை மேற்கொண்டு கற்பதற்குத் தகுதியில்லாதவர் என்பதை அவரது ஆசிரியர் என்ற முறையில் அறியத்தருகிறேன்."

நல்ல தமிழ், பிழையில்லை. என் பெயரின் கீழே பட்டத்தையும் எழுதிக் கையெழுத்து வைத்தேன். புதுச் சிவப்புப் பேனை சட்டைப்பையில் இருந்தது, நீலத்தால் வைத்தேன்.

தாய்க்கு வாசிக்கத் தெரியாது. ஒருக்கால் வாசித்துச் சொல்லச் சொன்னார். பிள்ளைக்கு முன்னால் வேண்டாமே என்றேன். பரவாயில்லை, சென்றியில் கேட்டால் நான் சொல்ல வேண்டுமே என்றார். வாசித்தேன். ஒவ்வொரு சொல்லையும் அவர் உதட்டால் திருப்பிச் சொல்லி மனப்பாடம் செய்தார். "அவதானிக்கும் திறன் குறைவு" என்பது வரவில்லை, மூன்று தடவை சொல்லிக்கொடுத்தேன். சரோ குசினி நிலையில் நின்றாள்.

வதனி கையை நீட்டினாள். கொடுத்தேன். மேலிருந்து கீழே வாசித்தாள், வினாத்தாளை வாசிப்பதுபோல், விரலை வரியில் வைத்து. திருப்பித் தந்தாள்.

"திகதி போடேல்லை சேர்."